ஒரு புள்ளி, அரைப்புள்ளி, ஒரு பேர்

1

‘பர்சன்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற விவாதம் மொழிபெயர்ப்பாளர்கள் கூடும் இடங்களில் அவ்வப்போது எழும். ‘ஆள்’ என்பார் ஒருவர். அது கூலிக்காரரை நினைவூட்டுகிறது என்பார் அடுத்தவர். ‘நபர்’ என்றால் காவல் நிலையத்துப் பதிவேட்டின் வாடை அடிக்கிறது. ‘மனிதர்’ என்றால் சட்டத்தில் வரும் நிறுவனமும் அறக்கட்டளையும் அதற்குள் அடங்கா. ‘மனிதன்’ என்றாலோ பாதிப் பேர் வெளியே நிற்கிறார்கள். அதனால்தான் ‘மனுஷி’யையும் ‘மனிதி’யையும் தேடிப் போனார்கள். கடைசியில் அவரவர் பழக்கத்துக்கு ஏற்ற சொல்லை எழுதிக்கொண்டு கலைந்துவிடுவார்கள்.

இந்த விவாதம் முடியாமல் இருப்பதைத் தமிழின் போதாமை என்று கருதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனிதரைக் குறிக்கும் சொற்கள் நம்மிடம் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. ஆள், பேர், நபர், தலை, உயிர், மாந்தர், மக்கள், ஆசாமி, பேர்வழி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றுள் பல, யாரோ ஒருவர் யாரையோ எண்ண வேண்டியிருந்த ஓரிடத்தில் புழங்கியவை. வயல் வரப்பில், வட்டிக்கடையில், வரி வசூலில், கோயில் மண்டபத்தில் மனிதரை எண்ணிய கைகளின் ரேகை அவற்றின்மீது இன்னும் இருக்கிறது. அகராதிப் பொருளை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது இந்த ரேகை கண்ணில் படுவதில்லை.

இதை நன்றாக விளங்கிக்கொள்ள உதவும் சொல் ஒன்று காரைக்குடி வட்டாரத்தில் இருக்கிறது. நாட்டுக்கோட்டை நகரத்தார் தங்கள் கோயில் கணக்கில் மனிதரை எண்ணும் அலகுக்குப் ‘புள்ளி’ என்று பெயர். அந்தச் சொல்லை முன்வைத்தே இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு முன் அதன் சுற்றத்தாரைச் சற்றுப் பார்த்துவிட வேண்டும்.

2

முதலில் ‘ஆள்’. தமிழில் இதைப் போல் இரண்டு திசைகளில் இழுபடும் சொல் அரிது. வினையாக நின்றால் ஆட்சி செய்வது. பெயராக நின்றால் பெரும்பாலும் ஏவலுக்கு உட்பட்டவர். ஆண்டவனும் ஆள்காரனும் ஒரே வேரில் கிளைத்தவர்கள். ‘பெரிய ஆள்’ என்றால் மதிப்பு. ‘அந்த ஆள்’ என்றால் மதிப்புக் குறைவு. ‘நாலு ஆள் விடு’ என்று சொல்லும்போது அந்த நால்வருக்கும் முகம் கிடையாது. எட்டுக் கைகள்தான் உண்டு.

பெரிய புராணத்தில் சுந்தரரின் திருமணப் பந்தலுக்குள் முதியவர் ஒருவர் ஓலையோடு வந்து நிற்கிறார். மணமகனின் பாட்டனார் எழுதிக் கொடுத்த அடிமை ஓலை அது என்கிறார். ‘ஆள் ஓலை’ என்பது அதற்குப் பெயர். மனிதரை மனிதர் உடைமையாக எழுதிக்கொண்ட வழக்கம் புழக்கத்தில் இருந்த காலத்து வாசகருக்கு அந்தக் காட்சி எவ்வளவு நேரடியாகப் புரிந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். பக்தி அந்தச் சொல்லை எடுத்து ‘ஆட்கொள்ளுதல்’ என்று உயர்த்தியது. உயர்த்திய பிறகும் அடியில் ஓலை இருக்கத்தான் செய்கிறது.

செட்டிநாட்டு வட்டிக்கடைகளின் அமைப்பிலும் ‘ஆள்’ முக்கியமான சொல். முதலைப் போட்டவர் முதலாளி. கடல் கடந்து கடையை நடத்தியவர் மேலாள். அவருக்கு அடுத்த நிலையில் அடுத்தாள். அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். சிங்கம்புணரியில் பிறந்து மேடானுக்குப் போய்க் கடை வேலை பார்த்த ப. சிங்காரம், ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ ஆகிய தம் இரண்டு நாவல்களிலும் இந்த உலகத்தைப் பதிந்து வைத்திருக்கிறார். அந்த நாவல்களை வாசித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். கடைக்குள் ஒருவர் யார் என்பதை அவர் உட்காரும் இடமே சொல்லிவிடும். கடைக்கு வெளியே கடையின் பெயரோ ‘விலாசம்’ என்ற சில முதலெழுத்துகளின் வரிசை. பாட்டன், தகப்பன், மகன் என்று தலைமுறைகள் எழுத்துகளாகச் சுருங்கி ஒரு வரியில் நிற்கும்.

இதே ‘ஆள்’தான் இன்று சட்டத் தமிழில் கௌரவமான இடத்தில் இருக்கிறது. இலங்கையில் அடையாள அட்டை வழங்கும் அரசுத் துறையின் பெயர் ஆட்பதிவுத் திணைக்களம். தமிழ்நாட்டில் காணாமற்போனவரை, சட்டத்துக்குப் புறம்பாக அடைத்து வைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் மனுவுக்கு ‘ஆட்கொணர்வு மனு’ என்று பெயர். லத்தீனில் அதன் பெயர் ‘உடல்’ என்ற சொல்லைக் கொண்டிருக்கிறது. தமிழில் நாம் ‘ஆளைக் கொண்டு வா’ என்கிறோம். யாரோ ஒருவரின் ஏவலுக்கு உட்பட்டவரைக் குறித்த சொல், அரசையே ஏவும் மனுவின் பெயரில் வந்து அமர்ந்திருக்கிறது. சொற்களுக்கும் விடுதலை உண்டு என்பதற்கு இது நல்ல சான்று. ‘ஆளுமை’ என்ற சொல்லை இலக்கியப் பத்திரிகைகளில் நாம் எவ்வளவு தாராளமாகப் புழங்குகிறோம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

3

‘நபர்’ பாரசீக, அரபு வழியாக வந்த சொல். பாரசீகத்தில் ஆட்களை எண்ணும்போது எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே இது வரும். ஒட்டகங்களை எண்ணும்போதும் வருவது உண்டு. நம் செய்தித்தாள்களில் ‘மர்ம நபர்’, ‘அடையாளம் தெரியாத நபர்’ என்று அது இன்னும் எண்ணிக்கைப் பொருளாகவே உலவுகிறது. நமக்கு வேண்டியவர் எவரையும் நாம் ‘நபர்’ என்று சொல்வதில்லை. ‘என் அம்மா நல்ல நபர்’ என்று எழுதிப் பார்த்தால் அந்தச் சொல்லின் குளிர் புரியும். ஆயினும் அண்மைக் காலத் தமிழ் உரைநடையில் ‘ஒருவர்’ என்று இயல்பாக வரவேண்டிய இடங்களிலெல்லாம் ‘ஒரு நபர்’ வந்து உட்கார்ந்துவிட்டது. ஆங்கில வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுவதன் விளைவு அது.

‘ஆசாமி’யின் கதை இன்னும் சுவையானது. அரபியில் பெயர் என்ற பொருளுடைய சொல்லின் பன்மை அது. ‘பெயர்கள்’ என்பதே நேர்ப் பொருள். இந்தியாவுக்கு வந்து வருவாய்க் கணக்கில் புகுந்தபோது நிலவரி கட்டும் குடியானவரையும் கடன்பட்டவரையும் குறித்தது. வங்காளத்தில் ஆசாமி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். தமிழில் கொஞ்சம் வேடிக்கையும் கொஞ்சம் சந்தேகமும் கலந்து ‘அந்த ஆசாமி’ ஆகிவிட்டது. ஏட்டில் பெயர் ஏறியவர்மீது உலகம் முழுக்கவே ஒரு சந்தேகம் இருக்கும் போலிருக்கிறது. நம்முடைய ‘பேர்வழி’யும் அதே வேடிக்கையான தொனியில்தான் ஒலிக்கிறது. அதற்குள்ளும் ஒரு பெயர் ஒளிந்திருப்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தச் சொற்களோடு ‘மக்கள்’ என்பதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். பெற்ற பிள்ளைகளுக்கும் மக்கள் என்று பெயர். மனித இனத்துக்கும் மக்கள் என்று பெயர். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே உயர்திணையை வரையறுக்கும்போது மக்கள் என்ற சுட்டையே அளவுகோலாகக் கொள்கிறது. எண்ணுவதற்கு முன்னால் உறவை வைத்த சொல் அது. ஆனால் கணக்கேடுகளுக்கு அது உதவவில்லை. ‘மூன்று மக்கள்’ என்றால் மூன்று பிள்ளைகள் என்றுதான் தமிழ்க் காது கேட்கும்.

4

இனிப் புள்ளிக்கு வரலாம்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பது பொதுவான வழக்கம். ஒரு குடும்பத்துக்குத் தலைவராக இருக்கும் ஆண் ஒரு தலைக்கட்டு. நகரத்தார் வழக்கம் இதிலிருந்து நுட்பமாக வேறுபடுகிறது. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்ற ஒன்பது கோயில்களைச் சார்ந்து அவர்கள் பிரிந்திருக்கிறார்கள். திருமணம் என்றால் மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் இருவருடைய கோயில்களிலிருந்தும் மாலை வரவேண்டும். திருமணத்தின்போது ‘இசைகுடிமானம்’ என்ற ஆவணம் எழுதப்படுகிறது. மணம் முடிந்ததும் அந்தத் தம்பதி கணவனுடைய கோயிலில் ஒரு புள்ளியாகச் சேர்கிறார்கள். கோயில் செலவுக்கும் ஊர்ப் பொதுக் காரியங்களுக்கும் பிரிக்கப்படும் புள்ளி வரி இந்த அலகின்மீது விழுகிறது. பங்காளிகள் கூடி முன்னோர்க்குச் செய்யும் படைப்புக்கும் இப்படிப் பங்கு பிரிப்பது உண்டு.

இதில் முதலில் பாராட்ட வேண்டிய ஒன்று இருக்கிறது. தலைக்கட்டு குடும்பத்தின் தலையை எண்ணுகிறது. புள்ளி தம்பதியை எண்ணுகிறது. தகப்பனார் உயிரோடு இருக்கும்போதே மணமான மகன் தனிப் புள்ளி. நான்கு மகன்கள் மணமானவர்கள் என்றால், பெற்றோரையும் சேர்த்து ஒரே கூரையின் கீழ் ஐந்து புள்ளிகள். செட்டிநாட்டு வீட்டின் கட்டுமானமே இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது. நடுவே திறந்த வளவு. சுற்றிலும் வரிசையாக அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. ‘வேறு வைத்தல்’ என்று சொல்லி இளந்தம்பதிக்குத் தனியாகப் பாத்திரம் பண்டமும் அரிசி பருப்பும் கொடுத்து, அதே வீட்டுக்குள் தனி அடுப்பு மூட்டச் செய்வார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய கூட்டுக் குடும்பம். உள்ளே தனித்தனிக் கணக்குகள். மனைவி இல்லாமல் ஆண் ஒரு புள்ளியாக முடியாது என்பதும் கவனிக்கத்தக்கது. பெண்ணை ஆணின் பின்னொட்டாக வைத்த பல கணக்குகளைவிட இது ஒரு படி மேல்.

ஆனால் புள்ளியின் மறுபக்கம் அதன் விளிம்பில் இருக்கிறது. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. மணமாகாதவர் புள்ளியே இல்லை, வயது இருபதானாலும் அறுபதானாலும். சமூகத்துக்கு வெளியே மணம் செய்துகொண்டவருக்குக் கோயில் மாலை கிடையாது என்பது மரபு. மாலை இல்லையேல் புள்ளியும் இல்லை. பிறப்பினால் மட்டும் ஒருவர் எண்ணிக்கைக்குள் வந்துவிட முடியாது.

இதற்கு மறுமொழியாகச் சொல்லப்படுவதை நியாயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். புள்ளி என்பது ஒரு வரி அலகு, அவ்வளவுதான். ஒருவரின் மதிப்பை அளக்கும் கோல் ஆகாது. அரைப்புள்ளி என்றால் பாதி வரி. கணவனை இழந்து நிற்கும் பெண்ணிடம் முழு வரி கேட்காமல் இருப்பது இரக்கம். அதை அவமதிப்பு என்று வாசிப்பது இன்றைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பது. மேலும் மனைவியை இழந்த ஆணும் அரைப்புள்ளிதானே?

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. வரி என்ற அளவில் அது சரி. பிரச்சினை எங்கே என்றால், எந்தச் சமூகத்திலும் வரி அலகு வரி அலகாக மட்டும் நின்றுவிடுவதில்லை. யார் வரி கொடுக்கிறாரோ அவருக்குப் பேச இடம் கிடைக்கிறது. பேச இடம் உள்ளவருக்கு மரியாதை கிடைக்கிறது. ‘பெரும்புள்ளி’, ‘முக்கியப் புள்ளி’ என்று தமிழகம் முழுவதும் புழங்கும் சொற்களைப் பாருங்கள். ஏட்டில் வைத்த குறி மனிதரின் கனமாக மாறிய கதை அந்தச் சொற்களுக்குள் இருக்கிறது. ஆணும் அரைப்புள்ளி ஆகிறார் என்பது சரி. மறுமணம் செய்துகொண்டால் அவர் மீண்டும் முழுப்புள்ளி. அந்தக் கதவு பெண்ணுக்கு நெடுங்காலம் மூடிக் கிடந்தது. ஏட்டில் ஒரே பின்னம். வாழ்க்கையில் இருவருக்கும் வேறு வேறு நீளம்.

பர்மா, மலாயா, இலங்கை, வியட்நாம் என்று ஆண்கள் கடை நடத்தப் போன காலத்தில் அந்தப் பெரிய வீடுகளைக் காத்து நின்றவர்கள் ஆச்சிமார்கள். கணவன் மூன்றாண்டுக் கணக்கு முடித்து வரும்வரை வரவு செலவும் நன்மை தீமையும் அவர்கள் கையில் இருந்தன. அப்படி ஒரு வீட்டையே தாங்கிய ஒருவர், கடலுக்கு அப்பால் நடந்த ஒரு மரணத்தால், தந்தி வந்த அன்று ஏட்டில் பாதியாகிறார். அவருடைய வேலை பாதியாகவில்லை; இரட்டிப்பாகியது. கணக்குக்கும் வாழ்க்கைக்கும் இடையே இப்படி ஒரு விரிசல் விழும்போது திருத்த வேண்டியது கணக்கை என்பதே என் கருத்து.

5

செட்டிநாட்டை மட்டும் குறை சொல்லும் நோக்கம் எனக்கு இல்லை. மனிதரைப் பின்னமாக்கும் கலையில் உலகம் முழுவதும் வல்லவர்கள் இருந்திருக்கிறார்கள். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்பு, மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தைக் கணக்கிடும்போது அடிமைகளின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கை மட்டும் சேர்த்துக்கொண்டது. அந்தப் பிரிவில் ‘அடிமை’ என்ற சொல்லே கிடையாது. ‘ஏனைய பர்சன்கள்’ என்றுதான் எழுதினார்கள். சொல் முழு மனிதரைச் சுட்டியது. எண் அவரை வெட்டியது. 1868இல் வந்த பதினான்காம் திருத்தம்தான் அந்தப் பின்னத்தை நீக்கியது.

‘பர்சன்’ என்ற சொல்லின் பின்னணியை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. ‘பெர்சோனா’ என்றால் லத்தீனில் நாடக முகமூடி. மேடையில் ஏற்கும் பாத்திரத்தையும் அது குறித்தது. பிறகு சட்டத்தின் முன் ஒருவர் ஏற்கும் நிலையைக் குறித்தது. ஆகவே சட்டத்தின் கண்ணில் ‘பர்சன்’ என்பது பிறப்பால் வருவதன்று. சட்டம் கொடுக்கும் முகமூடி. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதில்தான் வரலாறு முழுவதும் சண்டை.

இதில் ஒரு வேடிக்கையான காலவரிசை உண்டு. 1925இல் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், வங்காளத்திலிருந்து வந்த ஒரு குடும்ப விக்கிரக வழக்கில், இந்துக் கோயில் தெய்வம் வழக்காடும் உரிமையுள்ள சட்ட நபர் என்பதை உறுதி செய்தது. கனடாவின் அல்பர்ட்டா மாநிலத்துப் பெண்கள் ஐவர், மேலவை உறுப்பினர் ஆவதற்குத் தகுதியுள்ள ‘பர்சன்கள்’ என்ற சொல்லில் பெண்களும் அடங்குவார்களா என்று கேட்டபோது, 1928இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. அதே பிரிவி கவுன்சில்தான் 1929 அக்டோபர் 18 அன்று, ஆம், பெண்களும் பர்சன்களே என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் அந்த முகமூடி விக்கிரகத்துக்கு முன்னால் கிடைத்தது. கனடாவின் பெண்களுக்குப் பின்னால் கிடைத்தது.

நம் பக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்னை மாகாணத்தில் 1921இலேயே சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்துவிட்டது. காரைக்குடியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் நியமன உறுப்பினராகி அதன் துணைத் தலைவராகவும் ஆனார். மேற்குலகம் மெல்ல மெல்ல நமக்கு மனித மாண்பைக் கற்றுக்கொடுத்தது என்ற எளிய சித்திரத்தை இந்தத் தேதிகள் கலைத்துவிடுகின்றன. மரபு எங்கும் இறுகியிருந்தது; எங்கும் நெகிழ்ந்தும் இருந்தது.

தெய்வத்தைக் கணக்கில் ஒரு தரப்பாக வைப்பது நமக்குப் புதிதும் அன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கோயில் நிலங்களின் கொடுக்கல் வாங்கல் சண்டேசுவரர் பெயரால் நடந்தது. செட்டிநாட்டுக் கடைகளில் மகமை என்று தெய்வத்துக்கும் அறத்துக்கும் ஒதுக்கியது தனியாக நின்றது. 1976இல் தஞ்சை வட்டாரத்துப் பத்தூரில் மண்ணிலிருந்து வெளிப்பட்டுக் கடத்தப்பட்ட நடராசர் சிலைக்காக லண்டனில் நடந்த வழக்கில், இடிந்து கிடந்த கோயிலே வழக்காடும் தரப்பாக ஏற்கப்பட்டது. 1991இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியாகி நடராசர் ஊர் திரும்பினார். இடிந்த கோயிலுக்கும் முழுமையான ஆள்நிலை உண்டு என்று ஏற்கும் மனம், துணையை இழந்த ஒருவரைப் பாதியாக எண்ணும்போது சற்று நின்று யோசிக்க வேண்டாமா?

6

மனிதரை எண்ணுவதற்குத் தமிழில் இருக்கும் சொற்களுள் எனக்கு மிகவும் பிடித்தது ‘பேர்’. ‘நாலு பேர்’ என்றால் நேர்ப் பொருளில் நான்கு பெயர்கள். ஆணா பெண்ணா, மணமானவரா தனியரா, முதலாளியா அடுத்தாளா என்று அந்தச் சொல் கேட்பதில்லை. கைக்குழந்தையும் ஒரு பேர்தான். மாட்டை அப்படி எண்ண முடியாது; ‘நாலு பேர் மாடுகள்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெயருள்ளவர் என்பது ஒன்றே தகுதி. ஆளில் அரை ஆள் உண்டு. வயல் வேலையில் சிறுவர்களுக்கு அரை ஆள் கூலி கொடுத்த காலம் இருந்தது. பெயரைப் பாதியாக்க முடியுமா?

முடியும் என்று காட்டினார்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில். புதுக்கோட்டை, திருச்சி, இராமநாதபுரம், சேலம் என்று பல சீமைகளிலிருந்து போன தமிழர்களின் வழிவந்தவர்களே இன்றைய மலையகத் தமிழர். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று வழக்கு. செக்ரோலில் அன்று பெயர் விழுந்தால் முழுநாள் கூலி. பறிக்க வேண்டிய கொழுந்து நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. காலையிலிருந்து மாலைவரை மலைச்சரிவில் நின்ற பெண்ணுக்கு, தராசு சற்றுக் கீழே நின்றதால், பாதிப் பெயர். தமிழின் மிகக் கருணையான எண்ணலகை எடுத்து அதன் நடுவே கத்தி வைத்த சொல் அது. முழு மனிதரை மட்டுமே எண்ணக் கூடியது என்று நான் நம்ப விரும்பும் சொல்லும் கணக்கேட்டுக்குத் தப்பவில்லை.

அதே மக்களை அரசுகள் எண்ணிய விதமும் வேறாக இல்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000. அந்த மிச்சத்தைப் பத்து ஆண்டுகள் கழித்து, 1974இல், ஆளுக்குப் பாதி என்று 75,000 ஆகப் பிரித்துக்கொண்டார்கள். எண்கள் எவ்வளவு அழகாக வகுபடுகின்றன பாருங்கள். இவ்வளவு நேர்த்தியாக வகுபடும் எந்த மனிதக் கணக்கின்மீதும் எனக்கு ஐயம் உண்டு.

7

ஆகவே, ‘பர்சன்’ என்பதற்குச் சரியான தமிழ்ச் சொல் எது என்ற கேள்விக்கு என் பதில் இது. சொல்லைத் தேடுவதற்கு முன்னால் மூலத்தில் அந்த மனிதர் எந்தக் கணக்கில் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். சட்டத்தின் முன் நிற்கிறார் என்றால் ‘ஆள்’ போதும். ஆட்கொணர்வு மனு அந்தச் சொல்லைத் தூய்மைப்படுத்திவிட்டது. கதைக்குள் நிற்கிறார் என்றால் ‘மாந்தர்’ உண்டு. எண்ணிக்கை மட்டும் என்றால் ‘பேர்’. பெரும்பாலான இடங்களில் ‘ஒருவர்’, ‘யாரோ’, ‘அவர்’ என்று பெயர்ச்சொல்லே இல்லாமல் தமிழ் இயல்பாகக் கடந்துவிடும். ‘நபர்’ தேவைப்படும் இடங்கள் மிகக் குறைவு.

ஆனால் சொல்லை மாற்றுவதால் கணக்கு மாறிவிடும் என்று நம்புவதற்கில்லை. அமெரிக்க அரசமைப்பில் சொல் நன்றாகத்தான் இருந்தது. தோட்டத்துச் செக்ரோலிலும் சொல் நன்றாகத்தான் இருந்தது. இழிவைக் களைய வேண்டும் என்று வரும்போது நம் சூழலில் முதலில் புதுச் சொல் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு அதோடு திருப்தி அடைந்துவிடுகிறோம். பின்னம் ஏட்டில் அப்படியே இருக்கிறது.

கணக்கை மாற்ற முடியும் என்பதற்கு அண்மைக் காலத்துச் சான்று ஒன்று உண்டு. 2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டு அரசு கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைக் கொடுக்கத் தொடங்கியபோது ‘குடும்பத் தலைவி’ யார் என்று வரையறுக்க வேண்டியிருந்தது. அதன் விதிகளில், மணமாகாத தனித்த பெண்கள், கைம்பெண்கள், திருநங்கைகள் ஆகியோர் தலைமையில் குடும்பம் நடந்தால் அவர்களும் குடும்பத் தலைவிகளே என்று எழுதினார்கள். திட்டத்தின் பிற நிறைகுறைகளைப் பற்றி எவரும் வாதிடலாம். அந்த ஒரு வாக்கியம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. துணை இருக்கிறதா என்று கேட்காமல், அடுப்பு எரிய வைப்பவர் யார் என்று கேட்ட வாக்கியம் அது.

நகரத்தார் சமூகம் கணக்கு எழுதுவதில் பெயர் பெற்றது. ஐந்தொகை போட்டு, பற்றும் வரவும் நேராகும்வரை ஏட்டை மூடாதவர்கள். இன்று அவர்களின் பிள்ளைகள் உலகின் பல நகரங்களில் இருக்கிறார்கள். மணம் வேண்டாம் என்று இருப்பவர்கள், மணம் முறிந்தவர்கள், வெளியே மணந்தவர்கள், தனியாகப் பெற்றோரைக் காப்பவர்கள் எல்லாரும் அவர்களுள் உண்டு. காரைக்குடியில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் பலவற்றின் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தால், ஏட்டில் அரையாகவோ பூச்சியமாகவோ நிற்கும் ஒருவரிடம் அது இருப்பதற்கு நிறைய வாய்ப்புண்டு. வளவைக் கூட்டிப் பெருக்குகிறவர், விளக்கு ஏற்றுகிறவர், படைப்புக்கு வருகிறவர்களுக்குச் சோறு ஆக்குகிறவர் அவராகவே இருக்கலாம்.

புள்ளி என்ற சொல் போக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அழகான சொல் அது. தம்பதியை எண்ணத் துணிந்த சொல். தமிழ் எழுத்தில் மெய்யெழுத்தின் தலையில் வைப்பதும் புள்ளிதான். எழுதும்போது அரைப்புள்ளி என்று ஒன்றை வாக்கியத்தின் நடுவே வைக்கிறோம். வாக்கியம் இன்னும் முடியவில்லை, மேலே வரப்போகிறது என்பது அதன் பொருள். துணையை இழந்த ஒருவரின் வாழ்க்கையும் அப்படி மேலே தொடர்வதுதான். ஏட்டில் அவருக்கு உரிய இடத்தில் ஒன்று என்று எழுதினால் வரி கொஞ்சம் கூடும். பெரும்பாலோர் அதை மகிழ்ச்சியாகவே கட்டுவார்கள் என்று நினைக்கிறேன்.